மெதுவாகச் சொன்ன நான்காம் வரி

விசுவாசப் பிரமாணம் என்ற ஒன்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, அது ஏதோ வாத்துக் குஞ்சைப் பற்றிய பாட்டு என்றுதான் என் வகுப்புப் பிள்ளைகள் நினைத்தார்கள். தப்பு அவர்களுடையது இல்லை. ஜப்பானிய மொழியில் அதன் முதல் சொற்கள் 'வாத்தகுஷி தோமோ வா' என்று தொடங்கும். அர்த்தம் எனக்கும் தெரியாது. நகர அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் சொல்லச் சொல்ல, நான் தமிழ் எழுத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். இரண்டாம் நாளே முப்பது பிள்ளைகளும் 'வாத்துக்குஞ்சி தோமோ வா' என்று ராகம் போட்டுச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், தெனம் கூப்பிடறோமே, அந்த வாத்துக்குஞ்சி எப்போ வரும்?" என்று கேட்டாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நல்லா சத்தமா சொன்னா வரும்" என்றேன். அன்றைக்கு எங்கள் வகுப்பின் குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

ஜப்பான்காரர்கள் மலாக்காவுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. காஜா பெராங்கில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்த அந்தத் தமிழ்ப் பள்ளியில் நான் முதல் வகுப்பு ஆசிரியை. எனக்கு இருபது வயது. என் சம்பளத்தையும் அரிசி அட்டையையும் நம்பித்தான் அம்மாவும் நானும் இருந்தோம். என்னோடு சேர்த்து நான்கு ஆசிரியர்கள்.

தலைமை ஆசிரியரை எல்லாரும் பெரிய வாத்தியார் என்போம். ஒரு காலத்தில் நல்ல பருமனாக இருந்தவர். மரவள்ளிக்கிழங்கு தின்றே இளைத்து, இடுப்பு வாரில் ஆணியால் புதிது புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். பூட்ஸ் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பார். தேகப்பயிற்சி வாத்தியார் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இந்திய விடுதலைக்காக இங்கே நடந்த இயக்கத்தில் சேர்ந்து, சட்டையில் அதன் வில்லையைக் குத்திக்கொண்டு வருவார். நான்காமவர் கணக்கு டீச்சர். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அக்காவுக்கு அப்போது இருபத்தேழு வயது இருக்கும். உயரமாக, எதைச் சொன்னாலும் கண்ணில் ஒரு சிரிப்போடு சொல்லுகிறவர். அவருடைய வீட்டுக்காரர் புக்கிட் ரம்பாய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் நிறுத்துக் கணக்கெழுதுகிற கிராணி. ஏழு மாதத்துக்கு முன் தோட்டத்துக்கு வந்த ஒரு தாளில் அவர் கையெழுத்துப் போட்டார். சியாமில் ரயில் பாதை போடும் மூன்று மாத வேலை, நல்ல சாப்பாடு என்று சொன்னார்களாம். தாளில் இருந்தது ஜப்பானிய எழுத்து. அந்த வாரமே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு தபால் அட்டை வந்தது, 'நலம்' என்ற ஒரு சொல்லோடு. அக்கா அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஆனால் எந்தத் தாள் வந்தாலும் முதலில் கடைசி வரி வரை படித்துப் பார்ப்பது அவருக்கு அன்றிலிருந்து வந்த பழக்கம்.

தினம் காலையில் கிழக்கே பார்த்துக் குனிந்து, அந்தப் பிரமாணத்தைச் சொல்லி, பிறகு கை கால் வீசிப் பயிற்சி செய்து, அதற்கப்புறம்தான் பாடம். ஒரு மாதம் போன பிறகு அச்சடித்த தாள் ஒன்று வந்தது. மேலே ஐந்து வரி ஜப்பானிய எழுத்து, கீழே ஆசிரியர்கள் கையெழுத்துப் போட இடம். பெரிய வாத்தியார் அதை மேசையில் விரித்து, தாம் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா பேனாவை வாங்கவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இதுல என்ன எழுதியிருக்கு?"

"தெனம் காலையில சொல்றோமே, அதுதாம்மா."

"தெனம் என்ன சொல்றோம்?"

பெரிய வாத்தியார் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏம்மா, இருபது வருசம் வெள்ளைக்கார ராஜாவுக்குப் பாடினேன். இப்போ சக்கரவர்த்திக்குச் சொல்றேன். அவங்க ரெண்டு பேருக்கும் என்னைத் தெரியாது. எனக்கும் அவங்களைத் தெரியாது. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார்.

"தெரியாதவங்களுக்கு எதுக்குங்கையா சத்தியம்?"

எனக்கு சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. தேகப்பயிற்சி வாத்தியார் சிரிக்கவில்லை. அவர் சொன்னார்: "நான் இந்தியாவுக்குன்னு ஒரு சத்தியம் செஞ்சிட்டேன். முழு மனசோட செஞ்சேன். ஒரு வாயில ரெண்டு சத்தியம் நிக்காது. நானும் போட மாட்டேன்."

"தம்பி, உங்களுக்காவது நீங்க சொன்னது புரிஞ்சிருக்கு," என்றார் அக்கா. "நான் அதைத்தான் கேக்கறேன். புரிஞ்சா போடலாம், புரிஞ்சிட்டு வேண்டாம்னும் சொல்லலாம். அர்த்தம் கேக்கறதுக்குக்கூடவா ஒருத்தருக்கு உரிமை இல்லை?"

"உரிமை எல்லாம் சண்டைக்கு முன்னாடி," என்றார் பெரிய வாத்தியார். "போன வாரம் பாசார் கடைத்தெருகிட்ட சிப்பாய்க்குக் குனியாம போன ஆளை வெயில்ல கல்லைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நிக்க வெச்சாங்க. அவன்கிட்ட போய் உரிமையைப் பத்திப் பேசிப் பாரு."

அரை மணி நேரம் இப்படியே போயிற்று. வகுப்புகளில் பிள்ளைகள் தங்கள் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால், அர்த்தம் தெரியாமலே கையெழுத்துப் போட நான் தயாராகத்தான் இருந்தேன். வீட்டில் அரிசி டின்னின் அடித்தகரம் தெரிந்துகொண்டிருந்தது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேனாவை எடுக்க எனக்குக் கை வரவில்லை. கடைசியில் பெரிய வாத்தியார், "வர்ற புதன்கிழமை தாளை வாங்க வருவாங்க. அதுக்குள்ள அர்த்தத்தை எங்கேயாவது போய்த் தெரிஞ்சிக்கோ. நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லிடாத," என்று முடித்தார்.

அர்த்தம் சொல்லக்கூடிய ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். அவர்கள் பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய மலாக்கா செட்டி குடும்பம். நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு மாரியம்மன் கோயிலில் எங்களுக்கு முன்னால் போய் நிற்பார்கள். வீட்டில் பேசுவது மட்டும் மலாய். அந்த வீட்டுக்காரர் நகர அலுவலகத்தில் குமாஸ்தா. ஆறு மாதம் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போய்ப் படித்தவர் என்பதால், மொழிபெயர்ப்பாளராக அவரையே எல்லா இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் அவரை அபாங் என்று கூப்பிடுவேன். மலாயில் அண்ணன். அவர் பேசியதை இங்கே நான் தமிழில்தான் எழுதப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்காவும் நானும் தாளின் நகலோடு அவருடைய சமையலறையில் போய் உட்கார்ந்தோம். அவருடைய மனைவி மரவள்ளிக்கிழங்கைச் சீவி, செம்பனை எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தார். வீடெல்லாம் அந்த எண்ணெய் வாடை. அபாங் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். அவர் மலாயில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, அக்கா கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

சக்கரவர்த்தியின் ஒளியில் நாங்கள் வாழ்கிறோம். இது முதல் வரி. வாத்துக் குஞ்சு எங்கேயும் இல்லை. 'வாத்தகுஷி தோமோ' என்றால் 'நாங்கள்' என்று அபாங் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

"ஒளியில வாழறோமா," என்று அக்கா யோசித்தார். "சரி, சூரியன்னு நெனைச்சிக்கறேன். அடுத்தது?"

எங்கள் உழைப்பால் இந்த மண்ணை விளையச் செய்வோம். அண்டை அயலாரோடு ஒரே குடும்பமாக இருப்போம். இரண்டுக்கும் அக்கா தலையாட்டினார். "இதை யார் சொல்லாட்டியும் செய்யத்தானே வேணும்" என்றார்.

நான்காவது வரியில் அபாங் வெகுநேரம் நின்றார். அகராதியைப் புரட்டினார். பிறகு மலாயில் மெதுவாகச் சொன்னார்: "சொல்வதைச் செய், எதுவும் கேட்காதே. அந்த மாதிரி வருகிறது. இடும் கட்டளையைக் கேள்வி கேட்காமல் நிறைவேற்றுவோம்."

அடுப்படியிலிருந்து அவருடைய மனைவி திரும்பிப் பார்த்து, "என் கல்யாணத்தன்றைக்கு என் மாமியார் இதையேதான் சொன்னார். ஜப்பானிய மொழியில் சொல்லவில்லை, அவ்வளவுதான்," என்றார். அபாங் முதல் எல்லாரும் சிரித்தோம். பொரித்த கிழங்கைத் தட்டில் கொட்டி எங்கள் முன்னால் வைத்தார்.

ஐந்தாவது வரி எளிது. இந்தச் சத்தியத்தை நாள்தோறும் நினைத்திருப்போம்.

அக்கா நோட்டை எதிரே வைத்துக்கொண்டு ஐந்தையும் மறுபடி படித்தார். கிழங்கைத் தொடவில்லை. "நாலு வரிக்கு நான் கையெழுத்துப் போடறேன். அந்த ஒண்ணுக்கு முடியாது," என்றார். "எங்க வீட்டுக்காரரு கேள்வி கேக்காமத்தான் லாரியில ஏறினாரு."

நான் இதை மலாயில் சொன்னேன். அபாங் தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "நாலு வரிக்கு மட்டும் கையெழுத்து என்ற இடம் அந்தத் தாளில் இல்லையே, அடிக்," என்றார். அடிக் என்றால் தங்கை.

புதன்கிழமைக்கு முன்னால் திங்கட்கிழமையே தாளை வாங்க வந்துவிட்டார்கள். பூட்ஸ் சத்தம் கேட்டுப் பெரிய வாத்தியார் எழுந்து நின்றபோது, கல்விக்குப் பொறுப்பான ஜப்பான் அதிகாரி அறைக்குள்ளேயே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், வட்டக் கண்ணாடி. வேறொரு பள்ளியில் ஒரு வாத்தியாரைக் கன்னத்தில் அறைந்தார் என்று கேள்விப்பட்டிருந்தோம். கூடவே மொழிபெயர்க்க அபாங். அவர் என்னைத் தெரியாதவர்போல் நின்றார்.

தேகப்பயிற்சி வாத்தியார் அன்றைக்கு இல்லை. முந்தின நாள்தான் அவர் தம் இயக்கத்தின் ராணுவத்தில் சேர சிங்கப்பூருக்கு ரயிலேறியிருந்தார். தம் சத்தியத்தை ஒன்றாகவே வைத்துக்கொள்ள அவருக்கு அந்த வழி கிடைத்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அப்படி ஒன்றும் இல்லை.

அதிகாரி தாளைப் பார்த்தார். ஒரே ஒரு கையெழுத்து. பக்கத்தில் அக்காவின் கணக்கு நோட்டு, அந்தப் பக்கமே திறந்து கிடந்தது. அதை எடுத்து, ஐந்து வரித் தமிழைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

பெரிய வாத்தியார் இடுப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. "துவான், பிரமாணம்," என்று மலாயில் ஆரம்பித்தார். துவான் என்றால் ஐயா. "எங்கள் டீச்சர் தமிழில் எழுதியிருக்கிறார். எல்லாரும் புரிந்து சொல்ல வேண்டுமே என்று. அந்த வேலையில் கையெழுத்துப் போட நேரம் இல்லை."

அபாங் அதை ஜப்பானிய மொழியில் சொன்னார். அந்த அதிகாரியின் முகம் மலர்ந்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. நோட்டை இரண்டு கையாலும் பிடித்து அக்காவுக்குத் தலை தாழ்த்தினார். பிறகு வேகமாகப் பேசினார். அபாங் எங்களுக்குச் சொன்னார்: அடுத்த மாதம் பண்டார் ஹிலிர் திடலில் ஊர் முழுக்கக் கூடிப் பிரமாணம் எடுக்கப்போகிறது. ஜப்பானிய மொழியில் சொன்ன பிறகு, ஒவ்வோர் இனமும் தன் மொழியிலும் சொல்ல வேண்டும். தமிழுக்கு இந்த டீச்சரம்மா எழுதியதுதான். தோட்டங்களுக்கும் போய் இவர்களே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சொல்லிவிட்டு அதிகாரி தம் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

அக்கா பேனாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அறை வாசலில் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கீழே நானும் போட்டேன்.

அவர்கள் போன பிறகு அக்கா பள்ளிக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். கையை வெகுநேரம் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். தண்ணீரை உதறிவிட்டு என்னைப் பார்த்தபோது கண்ணில் அந்தப் பழைய சிரிப்பு இருந்தது.

"கை போட்டுடுச்சு, என்ன பண்றது. வாய் இன்னும் என்கிட்டதானே இருக்கு."

அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான்கு வாரம், சாயங்காலம் ஆனால் நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளில் கிளம்பிவிடுவோம். அக்கா மிதிப்பார், நான் பின்னால். ரப்பர் விளைகிற ஊரில் டயர் கிடைக்காத காலம் அது. சக்கரத்தைச் சுற்றி ரப்பர்க் கயிற்றைக் கட்டி ஓட்டினோம். புக்கிட் ரம்பாய் போய்ச் சேருவதற்குள் என் பல்லெல்லாம் ஆடிவிடும். வழியெல்லாம் அக்கா பேசிச் சிரித்துக்கொண்டே வருவார். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுவோம். திருட்டுத்தனமாக யாரோ வீட்டு வேலியில் தொங்கிய கொய்யாவைப் பறித்துத் தின்போம். அந்தப் பஞ்ச காலத்தில் நான் அத்தனை சந்தோஷமாக இருந்த நாள்கள் அவைதான் என்று சொன்னால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள்.

தோட்டத்தில் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் பெண்கள் வந்து உட்காருவார்கள். ஆண்கள் குறைவு. பாதிப்பேர் சியாமுக்குப் போயிருந்தார்கள். அக்கா ஒவ்வொரு வரியாகச் சொல்லி, அதன் அர்த்தத்தையும் சொல்லுவார். வேறு ஒன்றும் சொல்லமாட்டார். முதல் நாள் நான்காவது வரியைச் சொன்னதும், பின்னால் உட்கார்ந்திருந்த, ரப்பர்ப் பால் எடுக்கிற ஒரு பெண் கையைத் தூக்கினாள். மடியில் கைக்குழந்தை.

"டீச்சரம்மா, கேள்வி கேக்காமன்னா, எங்க வீட்டுக்காரரு எங்கே இருக்காருன்னுகூட கேக்கக் கூடாதா?"

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். கங்காணி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அக்கா நோட்டை ஒருமுறை பார்த்தார்.

"அதுல எழுதியிருக்கறது அதுதாம்மா," என்றார். "நான் உள்ளதை உள்ளபடி சொல்லிட்டேன். அதை எப்படிச் சொல்றதுன்னு உங்க மனசுக்குத்தான் தெரியணும்."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். பிறகு ஐந்து வரியும் மனப்பாடம் ஆகும் வரை சொல்லிப் பழகினோம். பழகும்போதே எனக்கு ஒன்று காதில் பட்டது. 'மண்ணை விளையச் செய்வோம்' என்று சொல்லும்போது இருந்த குரல் நான்காவது வரியில் இல்லை. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அர்த்தம் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் குழந்தைக்கு விரலை நீட்டி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

பிரமாண நாள் காலையில் பண்டார் ஹிலிர் திடல் நிறைந்துவிட்டது. அப்போதெல்லாம் கடல் திடலுக்கு வெகு அருகில் இருந்தது. அலைச் சத்தம் கேட்கும். மலாய்க்காரர்கள் ஒரு பக்கம், சீனர்கள் ஒரு பக்கம், நடுவில் நாங்கள். புக்கிட் ரம்பாய் பெண்கள் விடியலிலேயே நடந்து வந்து சேர்ந்திருந்தார்கள். பெரிய வாத்தியார் எங்கள் கூட்டத்துக்கு முன்னால், கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். அதற்குள் இன்னொரு ஆள் நிற்கலாம் போலிருந்தது.

எல்லாரும் குனிந்தோம், நிமிர்ந்தோம். ஜப்பானிய மொழியில் சொன்னோம். என் வகுப்புப் பிள்ளைகள் வாத்துக் குஞ்சைப் பலமாகக் கூப்பிட்டார்கள். மலாய்க்காரர்கள் அவர்கள் மொழியில் சொன்னார்கள். பிறகு எங்கள் முறை.

முதல் வரி சாதாரணமாக வந்தது. இரண்டாவது வரிக்குத் திடல் அதிர்ந்தது. தோட்டத்துப் பெண்களின் குரல் அது. மண்ணை விளைவிக்கிறவர்கள் அவர்கள்தானே. மூன்றாவது வரியும் அப்படியே. நான்காவது வரிக்குச் சத்தமே இல்லை.

உதடுகள் அசைந்தன. குரல் மட்டும் வரவில்லை. நானும் வாயைத் திறந்து மூடினேன். கடல் அலை ஒன்று வந்து திரும்பிப் போவது தெளிவாகக் கேட்டது. எங்கேயோ ஒரு காகம் கத்திற்று. பிறகு ஐந்தாவது வரி, 'நாள்தோறும் நினைத்திருப்போம்' என்று ஒரே குரலாக எழுந்தது. அக்கா எனக்குப் பக்கத்தில் நேராக நின்றுகொண்டிருந்தார். அவர் உதடு நான்காவது வரிக்கு அசையக்கூட இல்லை.

அதிகாரி மேடையிலிருந்து இறங்கி எங்களை நோக்கி நடந்து வந்தார். பின்னால் அபாங். அவர் பெரிய வாத்தியாருக்கு முன்னால் நின்று கேட்டார். அபாங் மலாயில் சொன்னார்: "நான்காவது வரி ஏன் கேட்கவில்லை?"

கோட்டுக்குள்ளே பெரிய வாத்தியார் நடுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது. எங்கள் எல்லாரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மறுபடி அதிகாரியைப் பார்த்து, அவரிடமிருந்து நான் எதிர்பார்க்காத ஒரு நிதானத்தோடு மலாயில் சொன்னார்:

"துவான், எங்கள் வழக்கத்தில் சாதாரண வார்த்தையைச் சத்தமாகச் சொல்லுவோம். மிகவும் புனிதமான வார்த்தையை வாய்க்குள்தான் சொல்லுவோம். கோயிலில் பூசாரி மந்திரம் சொல்லும்போது உதடு மட்டும்தான் அசையும்."

அபாங் அதை மொழிபெயர்த்தார். அவருக்கு நடந்தது புரிந்திருந்தது. அந்த வரியை மலாயில் ஆக்கிக் கொடுத்தவரே அவர்தானே. ஆனாலும் முகத்தில் ஓர் அசைவு இல்லை. சொல்லி முடித்துவிட்டு, தம் நெற்றியிலிருந்த விபூதியைத் தொட்டுக் காட்டி, இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டார். எங்கள் கோயிலிலும் அப்படித்தான் என்று சொன்னாராம். பிறகு எனக்குச் சொன்னார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்களை வரிசையாகப் பார்த்தார். மெல்லத் தலையசைத்துவிட்டு மேடைக்குத் திரும்பி, ஒலிபெருக்கியில் பேசினார். அதை மலாயில் சொல்லும்போதுதான் அபாங்கின் குரல் கொஞ்சம் தடுமாறிற்று. இந்தியர்கள் காட்டிய பக்தி மிகவும் உயர்ந்தது. இனிமேல் மலாக்காவில் எல்லா இனத்தாரும் நான்காவது வரியை அந்த விதமாகவே சொல்ல வேண்டும். எங்கே, எல்லாரும் இன்னொரு முறை.

எல்லாரும் இன்னொரு முறை சொன்னோம். மலாயில் ஒரு தடவை, சீனத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் நான்காவது வரி வந்ததும் அந்தப் பெரிய திடல் அப்படியே வாயடைத்து நின்றது. எங்களுக்குப் பக்கத்தில் நின்ற மலாய் ஆசிரியர்களின் தோள்கள் குலுங்குவதைப் பார்த்தேன். ஒருவர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்கக் கன்னத்தை உள்ளே கடித்துக் கடித்துப் புண்ணே ஆகிவிட்டது.

பெரிய வாத்தியார் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். அக்கா அவருக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். "எப்படிங்கையா அந்த வார்த்தை வந்துச்சு?" என்று கேட்டதற்கு, "எனக்குத் தெரியாதும்மா. திரும்பிப் பார்த்தேன். கைக்குழந்தையோட ஒரு பொண்ணு நின்னுச்சு. பிறகு வாய் தானா பேசிடுச்சு," என்றார். மூன்றாம் நாள் எழுந்து வந்தவரின் நடையே மாறிப்போயிருந்தது. பூட்ஸ் சத்தம் கேட்டால் மட்டும் முன்போலவே வாசலைப் பார்ப்பார்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்ததும் எங்களுக்கு இன்னொரு தாள் வந்தது. எதிரிக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தாயா என்று அதில் ஒரு கேள்வி. எங்களை ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார்கள். பெரிய வாத்தியார் ஆமாம் என்று எழுதிவிட்டு, சம்பளம் எப்போது என்று கேட்டார். தேகப்பயிற்சி வாத்தியார் பர்மாவிலிருந்து காய்ச்சலோடு திரும்பியிருந்தார். அவரிடம்தான் அதிகம் கேட்டார்கள். நான் எடுத்தது இந்தியாவுக்கு, மனதறிந்து எடுத்தேன், இன்னும் அதில்தான் இருக்கிறேன் என்றாராம். ஆறு மாதம் அவருக்கு வேலை கொடுக்கவில்லை.

அக்கா உள்ளே போனபோது நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன், சொல்லவில்லை என்று அவர் விளக்கினார். விசாரித்த அதிகாரி, கையெழுத்துதான் கணக்கு, மனதில் இருந்ததை நாங்கள் எப்படிப் பார்க்க முடியும் என்றார். அக்கா அமைதியாகக் கேட்டார்: "அப்போ அதுக்கு முன்னால இருபது வருசம் எங்ககிட்ட உங்க ராஜாவுக்குப் பாட்டு வாங்கினீங்களே, அப்போ மட்டும் எங்க மனசைப் பார்த்தீங்களா?" மொழிபெயர்த்தவர் இதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. அந்த அதிகாரி தாளில் ஏதோ எழுதி, போகலாம் என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது.

அந்த வருடக் கடைசியில் அக்காவின் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். பாதி உடம்புதான் வந்தது என்று அக்கா சொல்லுவார். காலில் ஒரு புண், ஆறுவதற்கு இரண்டு வருடம் ஆயிற்று. சியாமைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். புக்கிட் ரம்பாயில் எத்தனையோ வீட்டுக்கு யாரும் திரும்பவில்லை. கைக்குழந்தையோடு கேள்வி கேட்ட அந்தப் பெண்ணின் கணவரும் வரவில்லை. அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போய், எங்கே, எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று வருடம் கழித்து ஒரு காகிதத்தில் ஊர்ப் பெயரும் தேதியும் எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் கிடைத்தது. அதையாவது கேட்டு வாங்கினோமே என்று அந்தப் பெண் சொன்னாள்.

நாடு சுதந்திரம் அடைந்த பிறகு நானும் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் குடியுரிமை வாங்க ஒன்றாகப் போனோம். அங்கேயும் ஒரு பிரமாணம் இருந்தது. அவர் வீட்டுக்காரர் தாளை வாங்கி மளமளவென்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நானும் சொல்லி முடித்தேன். அக்கா முதலில் உட்கார்ந்து முழுதும் படித்தார். பிறகு, இத்தனை வருடத்தில் பழகியிருந்த மலாயில், மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞரிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அவர் பதில் சொன்னார். இரண்டாவது சந்தேகம் கேட்டார். அதற்கும் சொன்னார். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விட ஆரம்பித்தார்கள். மூன்றாவது சந்தேகத்துக்கு அந்த இளைஞருக்குப் பதில் தெரியவில்லை.

"மன்னிக்க வேண்டும் மக்சிக், உள்ளே பெரிய அதிகாரியைக் கேட்டுவிட்டு வருகிறேன்," என்று எழுந்து போனார். மக்சிக் என்றால் அத்தை.

"பாரு," என்றார் அக்கா என்னிடம். "கேட்டா போய்க் கேட்டுட்டு வர்றாங்க."

பிரமாணத்தைப் பற்றிப் பிறகு எத்தனையோ வாக்குவாதங்களைக் கேட்டுவிட்டேன். பள்ளிக்கூடங்களில் சொல்லவைக்கலாமா கூடாதா, சொல்லாதவனை என்ன செய்வது என்று பத்திரிகையில் எழுதுவார்கள். இரண்டு பக்கமும் படித்தவர்கள், என்னைவிட நன்றாக எழுதுகிறார்கள். எனக்கு அந்த இளைஞர் நாற்காலியைத் தள்ளிவிட்டு உள்ளே போனதுதான் நினைவுக்கு வரும். என் வாழ்நாளில் பிரமாணம் கேட்ட எத்தனையோ மேசைகளில் ஓர் ஆள் அப்படி எழுந்து போனதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அவர் திரும்பி வரக் கால் மணி நேரம் ஆயிற்று. பதிலோடுதான் வந்தார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டு, திருப்தியாகத் தலையசைத்து, எழுந்து நின்று பிரமாணத்தை முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வெளியே வந்தபோது நல்ல மழை. அவருடைய வீட்டுக்காரர் எதிர்ப்பக்கத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்து, மூன்று பேருக்கும் சேர்த்து வாங்கிய அப்பத்தைத் தனியாளாகத் தின்று முடித்திருந்தார். "எவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன்," என்றார். அக்கா குடையை உதறிவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்து, கடைக்காரரிடம் இன்னொரு தட்டு கொண்டுவரச் சொன்னார்.